நோங் கியாவில் ஒரு வயிற்றுவலி

அந்தப் பச்சைப் பை உன்னுதா கண்ணு? அதான, பாத்ததும் நினைச்சேன். இந்த மாதிரிப் பையைத் தூக்கிட்டு இண்டர்சிட்டில ஏறுற பிள்ளைங்க நேரா ஏர்போர்ட்டுக்குத்தான் போவாங்க. தனியாவா? சரி, சரி, நான் ஒண்ணும் சொல்லலை. நானும் தனியாப் போனவதான். என்னைப் பாத்தா அப்படித் தெரியாது. பொள்ளாச்சியில காலேஜ் ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போனவ. ஆனாப் போனேன். லாவோஸ்னு ஒரு நாடு. தாய்லாந்துக்கு அந்தப் பக்கம்.

எங்கம்மா தவறின வருஷம் அது. அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். பெங்களூர்ல இருக்கற எங்கண்ணன் பொங்கலுக்கு ஒரு பை ஆப்பிளோட வந்து எட்டிப் பாத்துட்டுப் போவான். மத்ததெல்லாம் நான்தான். அந்த நோய் எப்படி ஆரம்பிக்கும், எப்படி முடியும்னு எனக்கு அத்துப்படி. இதை எதுக்குச் சொல்றேன்னா, அப்பறம் நீ தப்பா நினைச்சுக்கக் கூடாது.

காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுல சும்மா உக்காந்திருந்தப்ப எங்க சித்தி மக யாழினி, வாக்கா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னா. டிக்கெட், ரூமு எல்லாம் அவதான் போட்டா. கடைசி நேரத்துல அவளுக்கு வேலைக்கு இண்டர்வியூ வந்துருச்சு. நான் போகமாட்டேன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. எங்கண்ணன் போன்ல சிரிச்சான். அந்தச் சிரிப்புக்காகவே யாழினியோட பையைத் தூக்கி முதுகுல மாட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

அங்க மேகாங்னு பெரிய ஆறு. தாய்லாந்து எல்லையில படகுல ஏறினா ரெண்டு நாள் அதுலயேதான் போகணும். நீளப் படகு, பழைய வேன்ல இருந்து கழட்டின சீட்டை வரிசையாப் போட்டு வச்சிருப்பாங்க. பூரா வெள்ளைக்காரப் பிள்ளைங்க. நான் ஓரமா உக்காந்து யாழினிக்குப் போன் பண்ணி, எல்லாம் உன்னாலதான்னு திட்டிட்டு இருக்கேன். பின்னால இஞ்சின் பக்கத்துல இருந்து ஒரு குரல்.

"பிள்ளை, நீ தமிழோ?"

திரும்பினா, படகுக்காரங்களோட தரையில சப்பணம் போட்டுச் சீட்டாடிட்டு ஒரு அம்மா. ஆம்பளைச் சட்டை, கழுத்தோட வெட்டின நரைமுடி, பையில மஞ்ச ரப்பர் பூட்ஸ் ரெண்டு தொங்குது. மீன் கம்பெனியில போடற பூட்ஸாம். பேரு நேசமலர். யாழ்ப்பாணத்துல குருநகர்னு கடக்கரை ஊரு. கல்யாணமாகி நார்வேக்குப் போனவங்க. அங்க வடக்கே, வெயிலே வராத ஊர்ல, மீன் வெட்டுற கம்பெனியில காலம் பூரா வேலை. வயசு அறுபத்தெட்டு. இதெல்லாம் அவங்க எங்கிட்டச் சொன்னது. மத்தவங்ககிட்ட வேற சொன்னாங்க, அதுக்கு வர்றேன்.

அம்மான்னு கூப்பிட்டேன். நம்ம வழக்கம் அதுதான? அவங்க உடனே, "அம்மா எண்டு கூப்பிட எனக்கு மூண்டு பேர் இருக்கினம். அதே காணும். நீ நேசமலர் எண்டு சொல்லு"ன்னாங்க. அவங்க பேச்சுல காணும்னா போதும்னு அர்த்தம். பெத்த தாய் வயசு, பேர் சொல்லிக் கூப்பிட நமக்கு வாய் வருமா? நான் கடைசி வரைக்கும் அம்மான்னுதான் கூப்பிட்டேன். முதல்ல ஒவ்வொரு தடவையும் திருத்துனாங்க, அப்பறம் விட்டுட்டாங்க.

முதல் நாளே என்ன பண்ணுனாங்க தெரியுமா? படகு ஒரு மணல் திட்டுல நின்னுச்சு, சாமான் ஏத்த. நான் ஆத்தைப் போன்ல வீடியோ எடுத்துட்டு நிக்கறேன், அவங்க சட்டையோட ஆத்துல குதிச்சுட்டாங்க. படகுக்காரன் கத்தறான். செம்மண் தண்ணி, என்ன ஓட்டம்கற. ஆளைக் காணோம். எனக்கு உசுரே போச்சு. பாத்தா படகோட அந்தப் பக்கம் ஏறி வந்து, தலையைத் துவட்டாமயே சீட்டுக்கட்டைக் கையில எடுத்துட்டாங்க. நாங்கள் கடலுக்கை பிறந்த சனம், இதென்ன குளம்னாங்க. அத்தனையும் என் வீடியோவுல விழுந்திருந்துச்சு. அதைப் பாத்துட்டு, வச்சிரு பிள்ளை, ஆனா வெளியிலை விடாதைன்னு சொன்னாங்க. எல்லாரும் கூச்சத்துல அப்படித்தான சொல்லுவாங்க.

லுவாங் பிரபாங்கற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ரெண்டு பேரும் ஒரே ரூம் எடுத்துட்டோம். எனக்கும் துணை, அவங்களுக்கும் துணை. அவங்களுக்குத் துணை வேணும்னு அவங்க சொல்லலை. நானாத்தான் புரிஞ்சுகிட்டேன்.

இனிமேத்தான் விஷயமே. படகுல வந்த ஒரு டச்சு ஜோடிகிட்ட, எங்க வீட்டுக்காரர் கடல்ல மூழ்கிச் செத்துட்டாருன்னு சொன்னாங்க. ரூம்காரம்மாகிட்ட நான் கல்யாணமே பண்ணலைன்னாங்க. டீக்கடையில ஒரு கொரியாக்காரப் பையன்கிட்ட, நான் சர்க்கஸ்ல கயித்துல ஆடினவ, புருசன் சிங்கத்தை மேய்ச்சவன்னு சொல்ல, அவன் வாயைப் பொளந்துட்டுக் கேட்டுட்டு இருக்கான். எங்கிட்டச் சொன்னது வேற. அவரு சக்கரை வியாதியில, ஆஸ்பத்திரியில, இவங்க கையைப் பிடிச்சுட்டே போனாராம். நீயே சொல்லு கண்ணு, நல்ல புத்தி இருக்கறவங்க ஒரே புருசனை இத்தனை விதமாச் சாகடிப்பாங்களா?

நான் கேட்டும் பாத்தேன். ஏம்மா இப்படி மாத்தி மாத்திச் சொல்றீங்கன்னு. "ஒரே கதையைச் சொல்லி அலுத்துப் போச்சு பிள்ளை. ஆரும் என்னைத் தெரியாத ஊரிலையும் நான் ஏன் அதே ஆளா இருக்க வேணும்?"னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்கம்மாவும் ஆரம்பத்துல இப்படித்தான், கேட்டா ஏதாச்சும் ஒரு பதில் தயாரா வச்சிருப்பாங்க.

அப்பறம் ஒரு நாள் காலையில காணாமப் போயிட்டாங்க. கடைக்குப் போயிட்டு வாறன்னு போனவங்க, மத்தியானம் ஆச்சு, ஆளில்லை. நான் வெயில்ல ஊரைச் சுத்தறேன், கோயில் கோயிலா எட்டிப் பாக்கறேன், பாஷையும் தெரியலை. பொழுதோட வந்து நிக்கறாங்க, கையில பூரா வெள்ளை நூல் கட்டிக்கிட்டு. ஆத்துக்கு அக்கட்ட ஒரு கல்யாணமாம், அங்க வந்தவங்க கையில நூல் கட்டித்தான் வாழ்த்துவாங்களாம். படகுல ஒரு பொம்பளை கூப்பிட்டாளாம், போயிட்டாங்களாம். தெரியாத வீட்டுக் கல்யாணத்துல ஆடியிருக்காங்க. நான் அழுதுட்டேன். அவங்க என் தலையைத் தடவி, நான் வந்திட்டன்தானேன்னு சொன்னாங்க. நான் எதுக்கு அழுதேன்னே அவங்களுக்குப் புரியலை. அதையும் மனசுல குறிச்சுக்கிட்டேன்.

அன்னிக்குத்தான் அந்த வீடியோவைப் போட்டேன். கோவத்துல இல்லை. சத்தியமா இல்லை. ஆசையாத்தான் போட்டேன். அறுபத்தெட்டு வயசுல தனியா உலகம் சுத்தற தமிழ்த்தாய்னு எழுதி, பேரும் ஊரும் போட்டேன். எங்க ஆபீஸ்ல பிரின்சிபால் மொதக்கொண்டு லைக் போட்டாங்க. எங்கண்ணன்கூடப் போட்டான். என் வாழ்க்கையில அத்தனை பேர் என்னைத் திரும்பிப் பாத்தது அன்னிக்குத்தான்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெசேஜ். டெரன்ஸ்னு பேரு. இவங்க மூத்த மகன், ஆஸ்லோவுல இருக்கறவர். போன் பண்ணலாமா அக்கான்னு கேட்டிருந்தாரு. பண்ணச் சொன்னேன். எடுத்ததும் அந்த மனுசன் அழறாரு கண்ணு. ஆம்பளை அழுது நான் கேட்டதில்லை, எங்கப்பா செத்தப்பக்கூட எங்கண்ணன் அழலை. அம்மா யாருக்கும் சொல்லாமப் போயிட்டாங்களாம். போனைப் போட்டா எடுக்கறதில்லையாம். பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்களான்னு தெரியலையாம். போறதுக்கு முன்னால அடுப்பை அணைக்காம விட்டது, பேரப்பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போகாம விட்டதுன்னு வரிசையாச் சொன்னாரு. மறதி நோயா இருக்குமோன்னு சந்தேகப்பட்டு டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருந்தாங்களாம். அந்த நாளுக்கு முன்னாடியே அம்மா கிளம்பிட்டாங்களாம்.

எனக்கு எல்லாம் பளிச்சுனு விளங்கிருச்சு. அந்தப் பொய்யி, அந்த ஆறு, அந்தக் கல்யாணம். நான் பாத்ததையும் சொன்னேன். அவரு கேக்கக் கேக்க, ஐயோ ஐயோன்னாரு. நான் வாறன் அக்கா, வரும் வரைக்கும் அம்மாவை எங்கையும் போகவிடாதேங்கோ, அவவுக்குச் சொல்லாதேங்கோன்னு கெஞ்சினாரு. பெத்த மகன் கெஞ்சறப்ப நம்ம மாட்டேன்னு சொல்ல முடியுமா? நீயா இருந்தா என்ன பண்ணுவே? சொல்ல வேண்டாம், சும்மா கேட்டேன்.

அப்ப நாங்க நோங் கியாவ்னு ஒரு ஊருக்கு வந்துட்டோம். ஆறு, ஒரு பாலம், ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை. அவங்களுக்கு அங்க இருந்து வடக்கே போயி வியட்நாம் எல்லையைத் தாண்டணும். தாண்டினா இறங்கி இறங்கிக் கடலுக்குப் போயிறலாமாம். சூடான கடல்ல குளிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. நார்வேக் கடல்ல கால் வச்சா எலும்பு விறைச்சுரும் போல. அப்ப உங்க ஊருக்கே போலாமே, குருநகர்லயும் கடல்தானேன்னு கேட்டதுக்கு, அங்கை எல்லாரும் என்னைத் தெரிஞ்ச சனம்னாங்க. ஆஸ்லோவுல மகன் வீட்டுல அவங்களுக்குத் தனி ரூம் இருக்காம், நல்ல கட்டிலாம். அந்த ரூம்ல இருந்துட்டுப் பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடறது, வேற ஒண்ணும் இல்லைன்னு ஒரு தடவை சொன்னாங்க. எனக்குக் கேக்கவே பொறாமையா இருந்துச்சு. எங்கம்மாவை வச்சிருந்த ரூம்ல ஜன்னலே கிடையாது.

அடுத்த நாள் காலையில வேன். அந்த டச்சு ஜோடியும் அதே வேன்ல வர்றாங்க. இவங்க பையைக் கட்டி, பூட்ஸை மாட்டி, தயாரா உக்காந்திருக்காங்க. டெரன்ஸ் அப்பத்தான் பிளைட் ஏறியிருக்காரு. எல்லையைத் தாண்டிட்டா அப்பறம் எங்கேன்னு தேடறது?

வயித்து வலின்னு படுத்துட்டேன்.

எனக்கு அதைத் தவிர வேற ரோசனை வரலை. சுருண்டு படுத்துட்டு முனகினேன். அவங்க ஓடி வந்து நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க. நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்னு வேற சொன்னேன். அப்பத்தான சந்தேகம் வராது. அதுக்கு அவங்க, "உன்னை இப்பிடி விட்டிட்டு நான் எங்கை போறது? எல்லை ஓடியா போகப் போகுது"ன்னு சொல்லிட்டு, கீழ போயி அந்த ஜோடிகிட்ட வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. வேன் கிளம்புற சத்தம் கேட்டுச்சு. ஜன்னல்கிட்ட நின்னு அது பாலத்தைத் தாண்டற வரைக்கும் பாத்தாங்க. எனக்கு நிம்மதியாச்சு.

அப்பறம் பாரு, என்ன கவனிப்புங்கற. ரூம்காரம்மாவோட அடுப்படியில பூந்து அரிசிக்கஞ்சி காய்ச்சிட்டு வந்தாங்க, இஞ்சி தட்டிப் போட்டு. கரண்டியில ஊட்டுனாங்க. சந்தைக்குப் போயி ஏதோ தழை வாங்கிட்டு வந்து கொதிக்க வச்சுக் குடுத்தாங்க, கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. எண்ணெய் தடவி வயித்தை நீவி விட்டாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சு யாரும் எனக்குக் கஞ்சி காய்ச்சுனதில்லை கண்ணு. நான்தான் எல்லாருக்கும் காய்ச்சியிருக்கேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. வலிக்குதோன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

நல்லாத்தான் இருந்தேன் நானு. நல்ல பசி. கீழ யாரோ மீன் சுடுற வாசம் ஏறி வருது. இவங்க முன்னால சாப்பிட முடியுமா? ரெண்டு நாள் வெறும் கஞ்சி, அந்தக் கசப்புத் தண்ணி. யாருக்காக? அந்த அம்மாவுக்காகத்தான. இதை நான் யார்கிட்டயும் பெருசாச் சொல்லிக்கிட்டதில்லை.

ஒரு தடவை பக்கத்துல உக்காந்தபடியே கண்ணசந்து, முழிச்சப்ப என்னை வதனின்னு கூப்பிட்டாங்க. அவங்க கடைசி மக பேராம். பாத்தியா, நோய் இருக்குன்னு அப்பவே எனக்கு உறுதியாயிருச்சு.

மூணாம் நாள் காலையில ஆத்தோரமா இருக்கற சாப்பாட்டுக் கடைக்குக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. இண்டைக்கு உனக்கு முகம் தெளிஞ்சிருக்கு, நாளைக்கு வெளிக்கிடுவம்னாங்க. எனக்கு முட்டை சொல்லிட்டு, அவங்களுக்குக் காப்பி சொன்னாங்க. அப்ப ஒரு வேன் வந்து நின்னுச்சு. டெரன்ஸ் இறங்கறாரு. போட்டோவுல பாத்ததை விட வயசாத் தெரிஞ்சாரு, கண்ணெல்லாம் செவந்து, சட்டை கசங்கி. அம்மான்னு கூப்பிட்டாரு.

அவங்க கத்துவாங்க, சண்டை போடுவாங்கன்னு நான் பயந்துட்டே இருந்தேன். ஒண்ணுமே இல்லை. காப்பியைக் கீழ வச்சாங்க. மகனைப் பாத்தாங்க. அப்பறம் மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தாங்க.

"வயித்துக்குத்து மாறீட்டுதோ பிள்ளை?"

அவ்வளவுதான் கேட்டாங்க. மாறிருச்சும்மான்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டாங்க. அப்பேர்ப்பட்ட நேரத்துலயும் எம்மேல எவ்வளவு அக்கறை பாரு. 

அம்மாவும் மகனும் அங்கயே நின்னு கொஞ்ச நேரம் பேசுனாங்க, பாதி நார்வே பாஷையில. அவரு கையைப் பிடிக்கறாரு, இவங்க எடுத்துக்கறாங்க. அப்பறம் படியிறங்கி ஆத்துக்குப் போனாங்க. டெரன்ஸ் பயந்துட்டாரு, நானும் பின்னாலயே போனேன். குதிக்கலை. முழங்கால் தண்ணியில கொஞ்ச நேரம் நின்னுட்டு, ஏறி வந்து வேன்ல முன்சீட்டுல உக்காந்துட்டாங்க. பையை நான்தான் ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்து ஏத்துனேன். போயிட்டு வாங்கம்மான்னேன். அவங்க பாலத்தையே பாத்துட்டு இருந்தாங்க. டெரன்ஸ் என் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டு, எங்கட குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்குன்னாரு. அது என்ன லேசுப்பட்ட வார்த்தையா?

அதுக்கப்பறம் நான் எங்கயும் சுத்தலை. மனசே இல்லை. நேரா ஊருக்கு வந்துட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு டெரன்ஸ் கூப்பிட்டாரு. அங்க அம்மாவைப் பத்தி ஒரு முடிவு எடுக்கணும், வெளியாள் ஒருத்தர் பாத்ததைச் சொன்னா உதவியா இருக்கும்னு. அம்மா டாக்டர்கிட்ட எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்குனு பதில் சொல்லிட்டாங்களாம். அதுதான் அவருக்குச் சங்கடம். வெளியில நல்லா நடிக்கிறா அக்கான்னாரு. நான் ஆபீஸ்க்கு அரை நாள் லீவு போட்டுட்டு, தலை சீவி, நல்ல சேலை கட்டிட்டு வீடியோவுல உக்காந்தேன். ஒரு ஆபீசர் அம்மா, ஒரு மொழிபெயர்ப்பாளர். குதிச்சது, காணாமப் போனது, புருசனை விதவிதமாச் சாகடிச்சது, என்னை மக பேர் சொல்லிக் கூப்பிட்டது, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். வயித்து வலியை மட்டும் சொல்லலை. அது அவங்களைப் பத்தினது இல்லையே.

இப்ப அவங்களை ஒரு முதியோர் இல்லத்துல வச்சிருக்காங்க. பாஸ்போர்ட் மகன்கிட்ட. நல்ல இடம் கண்ணு, படம் அனுப்புனாரு. எப்பவும் கதகதப்பா இருக்குமாம், நேரா நேரத்துக்குச் சாப்பாடு, ஜன்னலைத் தொறந்தா கடல் தெரியுதாம். நம்ம ஊர்ல யாருக்குக் கிடைக்கும்?

போன மாசம் அவங்க பிறந்த நாள். நானே டெரன்ஸ்கிட்டக் கேட்டேன், ஒரு தடவை முகத்தைப் பாத்துப் பேசிக்கறேனேன்னு. அவரும் இல்லத்துக்குப் போயிருந்தாரு. போனை அவங்க முன்னால பிடிச்சாரு. கொஞ்சம் இளைச்சிருந்தாங்க, முடியை யாரோ படிய வாரி விட்டிருந்தாங்க. அம்மா, நான் வாணி, கோகிலவாணி, பொள்ளாச்சின்னேன். எப்படி இருக்கீங்க, என்னைத் தெரியுதான்னேன்.

ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. கண்ணு ரெண்டும் நிறைஞ்சுருச்சு. அப்பறம் மகன்கிட்டத் திரும்பி, "ஆரடா இந்தப் பிள்ளை? எனக்குத் தெரியாது"ன்னாங்க.

டெரன்ஸ் பதறிட்டாரு. லாவோஸிலை உங்களோடை இருந்தவ அம்மா, வயித்து வருத்தம் வந்து நீங்க பாத்தீங்களேன்னு எடுத்து எடுத்துச் சொல்றாரு. தெரியாதுன்னா தெரியாதுதான். போனைக் கையால ஒதுக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. புரியலை அக்கா, எல்லாரையும் தெரியுது, படகிலை சீட்டாடின ஆக்களின்ர பேர்கூடச் சொல்லுறா, உங்களை மட்டும்தான் இப்பிடின்னாரு.

நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அந்த நோய் அப்படித்தான் தம்பி, ஒண்ணை விட்டு ஒண்ணைத்தான் அழிக்கும், காரணமில்லாம அழுகையும் வரும்னு. நான் படிச்சிருக்கேன். கூடவே இருந்து பாத்துமிருக்கேன்.

காட்பாடி வந்துருச்சா? பேசிட்டே வந்ததுல தெரியலை. உனக்குத் தூக்கம் வருதா கண்ணு, என்னையே அப்படிப் பாக்கறே. நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும். யாழினியும் இதைக் கேட்டுட்டு இப்படித்தான் என்னையே பாத்துட்டு இருந்தா, அப்பறம் சரியாப் பேசறதில்லை.

மறந்துட்டாங்க, கண்ணு. அவ்வளவுதான். மறந்துதான இருக்கணும்? இல்லேன்னா அதுக்கு என்ன அர்த்தம், சொல்லு.